பச்சைச் சுவருக்கு ஒரு முட்டு

வெளியே வந்து செத்த நாய் என்று சொன்ன பிறகுதான் கொத்தனாருக்கு நிஜமான பயம் பிடித்தது.

உள்ளே தவழ்ந்து போனபோதும் பயம் இருந்தது. அது வேறு பயம். எங்கே கை வைத்தால் வெடிக்குமோ என்கிற பயம். அதற்காகத்தானே அவரை அனுப்பினார்கள். துப்பாக்கியும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டிருக்கிற இத்தனை பேர் ரோட்டுமேல் எட்ட நின்றுகொண்டு, கையில் ஒரு கொத்துக்கரண்டியையும் கைவிளக்கையும் தவிர வேறெதுவும் இல்லாத ஆளிடம், நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்கள்.

ரோட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் போவதற்காகப் போட்ட பெரிய சிமெண்ட் குழாய் அது. ஆள் குனிந்தால் நுழைந்துவிடலாம். இந்த மாதிரிக் குழாய்களுக்குள்தான் காட்டுப் பையன்கள் வெடி வைத்துவிட்டுப் போவார்கள். மேலே அந்நியப் பட்டாளத்தின் வண்டி வரும்போது வண்டியும் ரோடும் சேர்ந்து எழும்பும். அதனால் இந்த ரோட்டில் இருக்கிற எல்லாக் குழாய்க்கும் இரண்டு பக்க வாயையும் கல் வைத்து அடை, தண்ணீர் போகக் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டால் போதும் என்று உத்தரவு. இந்தக் குழாயின் அந்தப் பக்கத்து வாயை நேற்றே கொத்தனார் அடைத்துவிட்டார். நல்ல வெயில், நல்ல கலவை. இப்போது போய்க் கடப்பாரையால் குத்தினாலும் பொறி பறக்கும். மிச்சம் இருப்பது இந்தப் பக்கத்து வாய் மட்டும்தான்.

"என்ன இருக்கு உள்ள?" என்று மேலேயிருந்து கேட்டான் வாய். பட்டாளத்துக்காரர்கள் பேசுவதை இங்கே சொல்லவும், இங்கே பேசுவதை அவர்களுக்குச் சொல்லவும் சம்பளத்துக்கு வைத்திருக்கிற டவுன்காரப் பையன். அவனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். வேலைக்காரர்கள் யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கு அவன் வாய்தான்.

"நாய் ஒண்ணு செத்துக் கெடக்கு. வேற ஒண்ணுமில்ல."

"இழுத்து வெளிய போடு."

"இழுத்தா முழுசா வராது தம்பி. புழு வெச்சிருக்கு. துண்டு துண்டாத்தான் வரும். வேணும்னா நீ வந்து ஒரு பக்கம் பிடி."

வாய் மூக்கைச் சுளித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் என்னமோ சொன்னான். அந்த அதிகாரிக்கு வெயிலில் கழுத்து வெந்து செவசெவவென்று இருக்கும். சிவப்புக்கழுத்து என்றால் எல்லாருக்கும் தெரியும். சிவப்புக்கழுத்தும் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாயோடு சேர்த்தே அடைத்துவிடு என்று கையைக் காட்டினான்.

உள்ளே நாய் இல்லை. நடுக்குழாயில் மண் சேர்ந்து மேடு தட்டியிருந்த இடத்துக்குப் பின்னால் கொத்தனாரின் மச்சினன் ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அந்தக் கிழிந்த காதுதான். சின்ன வயதில் கம்பிவேலி தாண்டிக் குதித்ததில் கிழிந்த காது. அதைப் பார்த்ததும் கொத்தனார் விளக்கைத் தாழ்த்தினார். அவன் வாயில் விரலை வைத்தான். கண் இரண்டும் காய்ச்சலில் பழுத்திருந்தன.

"மாமா," என்றான், சத்தமே வராமல். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவ்வளவுதான் பேச முடிந்தது. மேலேயிருந்து வாய் கத்திவிட்டான். கொத்தனார் பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்து, வாயில் வந்ததைச் சொன்னார். நாய் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

*

அக்கா என்றால் கொத்தனாரின் வீட்டுக்காரி. அவளும் அங்கேதான் இருந்தாள். இந்தக் கூட்டத்தில் அவர் கல் வைக்கிற ஆள், அவள் கலவைச் சட்டி சுமக்கிற ஆள். ரோட்டோரத்தில் மணலையும் சிமெண்டையும் கலந்து போடுவது பெரியப்பா. யாருக்குப் பெரியப்பா என்று கேட்கக் கூடாது, எல்லாருக்கும் பெரியப்பா. இந்த மூன்று பேரும்தான் வேலை. மேலே நின்ற பட்டாளத்துக்காரர்கள் இவர்களுக்குக் காவலா, இவர்களிடமிருந்து ரோட்டுக்குக் காவலா என்பது அவர்களுக்கே தெளிவில்லை.

அவளிடம் சொல்ல வேண்டாம் என்று மச்சினன் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. கொத்தனார் எப்படியும் சொல்லியிருக்க மாட்டார். அவள் முகம் கண்ணாடி. பால் பொங்கி வழிந்தாலே தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். கூடப் பிறந்தவன் கைக்கெட்டும் தூரத்தில் குழாய்க்குள் கிடக்கிறான், அவன் வாசலை உன் புருஷன்தான் அடைக்கப் போகிறான் என்று தெரிந்தால் என்ன ஆகும்? சட்டியோடு அங்கேயே விழுவாள். வாய்க்கு விளங்கிவிடும். அப்புறம் சிவப்புக்கழுத்துக்கு.

அதுவும் இல்லாமல், மச்சினன் பேச்சை எடுத்தாலே அவர்கள் வீட்டில் சண்டைதான். அவன் காட்டுக்குப் போனதில் கொத்தனாருக்குச் சம்மதம் இல்லை. போன தடவை திருட்டுத்தனமாகச் சாப்பிட வந்தபோது தட்டுக்கு எதிரிலேயே கேட்டுவிட்டார்.

"அவங்ககிட்ட வானத்துல பறக்குறது இருக்கு. இருட்டுல பாக்குற கண்ணாடி இருக்கு. ஒன்கிட்ட என்னடா இருக்கு, அறுந்துபோன செருப்பைத் தவிர?"

"அவங்களுக்குத் திரும்பிப் போக ஒரு ஊரு இருக்கு மாமா. எங்களுக்கு இல்ல. அதான் இருக்கு."

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல."

"அவங்க ஜெயிக்கணும் மாமா. நாங்க தோக்காம இருந்தாப் போதும்."

அப்போது வந்த கோபத்தில்தான் கொத்தனார் அதைச் சொன்னார். இனிமேல் இந்த வாசல்படியை மிதித்தால் நானே உன்னைப் பிடித்துக் கொடுப்பேன் என்றார். மச்சினன் சிரித்தான். வீட்டுக்காரி சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி திரும்பிப் படுத்தவள்தான், அதற்கப்புறம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசினதில்லை.

இப்போது அந்த மச்சினனின் வாசலில் முதல் வரிசைக் கல்லை வைக்கிறார்.

கல்லை வைக்கும்போதே முடிவு செய்துவிட்டார். சுவர் பார்ப்பதற்குச் சுவராக இருக்க வேண்டும், ஆனால் பட்டாளம் போன பிறகு உள்ளேயிருந்து ஓர் உதை உதைத்தால் விழ வேண்டும். அதற்கு ஒரே வழிதான். வெளிமுகத்தை மட்டும் ஒழுங்காக அடுக்கிவிட்டு, உள்முகத்துக்குக் கல்லே வைக்காமல் வெறும் கல்சில்லைப் போட்டு ஒப்பேற்றுவது. வாழ்க்கையில் இத்தனை வருஷம் அடுத்தவன் அப்படிச் செய்தால் காறித் துப்பிய வேலை. கை வரவே மாட்டேன் என்றது. ஒவ்வொரு கல்லையும் அழுத்தி உட்கார வைக்கப் போகும் கையை அவரே பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

இதில் கலவை வேறு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கரண்டியில் எடுத்தால் நிற்காமல் கஞ்சி மாதிரி ஒழுகியது.

"ஏய், என்ன இது? கலவையா, குளிக்கிற தண்ணியா?"

"பெரியப்பா குடுக்குறத நான் கொண்டாரேன்," என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

"பெரியப்பா! கொஞ்சம் கெட்டியாப் போடுங்க!"

"எப்பவும் போடுறதுதாம்பா," என்று மேலேயிருந்து பதில் வந்தது. "ஒன் கைதான் இன்னைக்குச் சரியில்ல."

கெட்டிக் கலவை கேட்டது பார்க்கிறவர்களுக்காகத்தான். ஒழுகுகிற கலவை வந்தால் அவருக்கு நல்லதுதான். ஆனால் அடுத்த சட்டி அதைவிட மோசமாக வந்தது. மணல் நறநறவென்று தனியாக நின்றது. சிமெண்டின் நிறமே அதில் இல்லை. வெயில் ஏறிவிட்டது, தலை சுற்றுகிறதுபோல, அவளுக்குக் கவனம் இல்லை என்று நினைத்துக்கொண்டார். அவள் சேலைத் தலைப்பு முழுக்க மணலாக இருந்ததைப் பார்த்தார். பார்த்ததை யோசிக்கவில்லை. யோசிக்க மண்டையில் இடம் இல்லை.

சுவர் நெஞ்சளவு வந்து, மேல் வரிசைக்கு இன்னும் ஒரு கை அகலம்தான் பாக்கி இருந்தபோது, உள்ளே இருமல் கேட்டது.

தெளிவான இருமல். மனுஷ இருமல். நாய் இருமாது. செத்த நாய் இருமவே இருமாது.

இருமலை மூட ஏதாவது செய்ய வேண்டும் என்று கொத்தனார் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற வீட்டுக்காரி சட்டியைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அப்படி ஓர் இருமல், குடலே வெளியே வந்துவிடுகிற மாதிரி. அது ஓய்வதற்குள் மேலே பெரியப்பா ஆரம்பித்தார். காலி சிமெண்ட் பையை உதறிக்கொண்டே இருமினார். தூசி புகையாகப் பறந்தது. கொத்தனாரும் இருமினார், அவருக்கு மட்டும் நிஜமாகவே புரையேறிவிட்டது. கடைசியில் பார்த்தால் வாயும் கைக்குட்டையை வைத்துக்கொண்டு இருமுகிறான். சிவப்புக்கழுத்து இரண்டடி பின்னால் நகர்ந்து, காற்று வீசுகிற பக்கமாகப் போய் நின்றுகொண்டான்.

உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

கொத்தனார் கடைசிக் கல்லை வைத்தார். அடியில் இரண்டு, நடுவில் இரண்டு என்று ஓட்டை விட்டிருந்தார். எழுந்து நின்று, வழக்கம்போல உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தடவினார்.

சுவர் கையைத் தள்ளியது.

*

வேலை தெரிந்த எவனுக்கும் அந்தத் தொடுகை தெரியும். சுவர் வயிறு தள்ளுகிறது. மேலே பாரம் உட்காரும், உள்ளே பிடிப்பு இருக்காது, கலவை வழுக்கும், நடுவில் கல் ஒவ்வொன்றாக வெளியே பிதுங்கும். அப்புறம் மொத்தமும் மடியில் வந்து விழும். உள்ளேயிருந்து உதைத்தால் விழுகிற மாதிரித்தான் அவர் கட்ட நினைத்தார். யாரும் உதைக்காமலே இப்போதே விழப்போகிறது. பட்டாளத்துக்கு முன்னால், சூரியன் நிற்கும்போதே.

இவ்வளவு மோசமாக நான் கட்டவில்லையே என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. கணக்கில் எங்கேயோ உதைக்கிறது. ஆனால் கணக்குப் பார்க்கிற நேரமா அது? களைத்துப்போன ஆள் உட்காருகிற மாதிரி அப்படியே சரிந்து உட்கார்ந்து, முதுகைச் சுவரில் கொடுத்துவிட்டார். இரண்டு குதிகாலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டார்.

சுவர் நின்றது.

"முடிஞ்சுதா?" என்றான் வாய்.

"முடிஞ்சுது. கெளம்பலாம்னு சொல்லு."

வாய் கேட்டுவிட்டு வந்தான். "கெளம்ப மாட்டாராம். காயுற வரைக்கும் இருந்து பாக்கணுமாம். போன வாரம் அங்க ஒரு கொழாயில சாயங்காலம் கட்டின செவுரு காலையில இல்லையாம்."

"இது காய நாளாகும் தம்பி. காயுற வரைக்கும்னா அவரு இங்கயே ஒரு கல்யாணம் பண்ணிக்க வேண்டியதுதான்."

பெரியப்பா மட்டும் சிரித்தார். சிவப்புக்கழுத்து ரோட்டோரத்தில் வண்டி நிழலில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பார்த்தான். பொழுது சாய்வதற்குள் முகாமுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். இருட்டின பிறகு இந்த ரோட்டில் அவர்கள் ஒருத்தரும் நிற்பதில்லை. அது ஊருக்கே தெரியும். அதுவரை தாங்க வேண்டும். வெயில் இன்னும் மேற்கே இறங்கவே ஆரம்பிக்கவில்லை.

கொத்தனாருக்கு முதுகுவலி எப்போதும் உண்டு. இப்போது ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. சட்டை நனைந்து, கலவைத் தண்ணீர் இடுப்பு வழியாக இறங்கியது. சிமெண்ட் தண்ணீர் பட்ட இடம் எரிந்தது. ஒரு கால் மரத்துப் போனது. அசைத்தால் முதுகு நழுவும், முதுகு நழுவினால் மச்சினன் போனான். மச்சினன் மட்டுமா? செத்த நாய் என்று சொன்னவனை விட்டுவைப்பார்களா? அவன் அக்காளை?

அப்போதுதான் இடுப்புக்கு மேலே எதுவோ தொட்டது.

கத்தியிருப்பார். நாக்கைக் கடித்துக்கொண்டார். நடு ஓட்டை வழியாக இரண்டு விரல் வந்து அவர் சட்டையைப் பிடித்திருந்தன. அந்த விரல் சூடு முதுகில் தெரிந்தது. பிறகு சட்டையை விட்டுவிட்டு, ஓட்டையின் ஓரத்துக் கல்லைக் கொக்கி போட்ட மாதிரிப் பற்றி உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டன. அவனுக்கும் விளங்கிவிட்டது. வெளியே ஒருத்தன் தள்ளிப் பிடிக்க, உள்ளே ஒருத்தன் இழுத்துப் பிடிக்க, நடுவில் அந்தச் சுவர்.

இருக்கிற வேதனை போதாதென்று வீட்டுக்காரி ஆரம்பித்தாள்.

"என்னங்க, அங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க? மேல நெழல்ல வந்து உக்காருங்க."

"இருக்கட்டும். இங்க காத்து வருது."

"குழிக்குள்ள என்ன காத்து? நாய் நாறுது. வாங்கன்னா வாங்க."

"நாறுனா எனக்குத்தான் நாறுது. ஒனக்கு என்ன?"

"ஈரச் செவுத்துல சாஞ்சா முதுகு பிடிச்சுக்கும். அப்புறம் யாரு எண்ணெ தேய்க்குறது?"

இத்தனை நாள் பேசாதவள் இன்றைக்குப் பார்த்து விடாமல் பேசினாள். கிட்டே வந்து கையைப் பிடித்து இழுக்கவே பார்த்தாள். அவள் கண்ணில் ஏதோ வெறி மாதிரி இருந்தது. விட்டால் அவரைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்துவிடுவாள். கொத்தனார் வேறு வழியில்லாமல் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார்.

"போடி அந்தப் பக்கம்! வேலை முடிஞ்சும் மனுஷன உக்கார விடமாட்டியா?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மேலே போய்ப் பெரியப்பா பக்கத்தில் மணல் குவியல்மேல் உட்கார்ந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொள்ளிக்கண்ணால்.

சிவப்புக்கழுத்து இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏதோ கேட்டான். வாய் சொன்னான்: "வீட்டுல எப்பவும் இப்படித்தானான்னு கேக்குறாரு."

"அவங்க ஊர்ல எப்படின்னு கேளு."

கேட்டான். சிவப்புக்கழுத்து சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு சரிவில் பாதி வரை இறங்கி வந்து, படத்தைக் காட்டினான். துணியில் சுற்றின கைக்குழந்தை. இன்னும் கண்ணே சரியாகத் திறக்கவில்லை.

"இவரு இன்னும் நேர்ல பாக்கலையாம். அடுத்த வாரம் ஊருக்குப் போறாராம்," என்றான் வாய். "அதுக்குள்ள இந்தக் கொழாய் வேலைய முடிச்சுட்டாருன்னா மேல நல்ல பேராம்."

"நல்லா இருக்கட்டும்," என்றார் கொத்தனார். மனசாரச் சொன்னார். அந்தக் குழந்தை அவரை என்ன செய்தது? இந்த ஆளும் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும், உள்ளே இருக்கிறவனும் வெளியே வர வேண்டும். இரண்டையும் இந்த முதுகுதான் தாங்குகிறது என்று நினைத்தபோது அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

படத்தைப் பையில் போட்ட சிவப்புக்கழுத்து, வந்ததுதான் வந்தோம் என்று இன்னும் இரண்டடி இறங்கினான். காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினான்.

"நகரச் சொல்றாரு. ஒருதரம் ஒதைச்சுப் பாக்கணுமாம்."

பின்னால் ஓட்டைக்குள் விரல்கள் இறுகின. மேலே வீட்டுக்காரி எழுந்து நின்றுவிட்டாள். பெரியப்பா மண்வெட்டியைக் கையில் எடுத்தார், எதற்கென்று அவருக்கே தெரியாமல்.

"தம்பி," என்றார் கொத்தனார், "அவருகிட்ட சொல்லு. இது பச்சைச் செவுரு. பெத்த அன்னைக்கே புள்ளைய எறக்கி நடக்க விடுவாங்களா அவங்க ஊர்ல? நாளைக்குக் காலையில வரச்சொல்லு. எத்தன ஒதை வேணாலும் ஒதைக்கட்டும். விழுந்தா என்னைய ஒதைக்கட்டும்."

வாய் கொத்தனாரைப் பார்த்தான். அவர் ஊன்றியிருந்த குதிகாலைப் பார்த்தான். மண்ணில் பள்ளம் விழுகிற அளவுக்குக் குதிகாலை ஊன்றிக்கொண்டு ஓய்வெடுக்கிற ஆளை யாராவது பார்த்திருப்பார்களா? அப்புறம் திரும்பி, கொத்தனார் சொன்னதைப்போல மூன்று மடங்கு நீளத்துக்கு அந்தப் பாஷையில் என்னென்னவோ சொன்னான். நடுவில் வானத்தைக் காட்டினான். ரோட்டின் அந்தக் கோடியைக் காட்டினான். மூக்கைப் பொத்திக் காட்டினான்.

சிவப்புக்கழுத்து மணிக்கட்டைப் பார்த்தான். ரோட்டின் அந்தக் கோடியைப் பார்த்தான். மறுபடியும் மணிக்கட்டைப் பார்த்தான். வெயில் நன்றாகச் சாய்ந்து, மரங்களின் நிழல் ரோட்டைத் தாண்டியிருந்தது. அவனுடைய ஆட்கள் ஏற்கெனவே வண்டிப் பக்கம் நகர ஆரம்பித்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே நகர்ந்தார்கள்.

கைக்குழந்தை இருக்கிற ஆள். அடுத்த வாரம் ஊருக்குப் போகிற ஆள். சரிவில் ஏறிப் போனான்.

*

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் ஒருத்தரும் அசையவில்லை. பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"எழுந்திரிங்க அங்கேர்ந்து!" என்று வீட்டுக்காரி கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "என் தம்பிய ஒண்ணும் பண்ணிடாதீங்க! ஒங்க கால்ல விழுறேன்!"

கொத்தனார் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"விடியக்காலம் பின்கதவ தட்டுனான். காய்ச்சல். ரோந்து வருதுன்னு நான்தான் இதுக்குள்ள போய்ப் படுக்கச் சொன்னேன். இன்னைக்கு வேலை வேற எடத்துலன்னு சொன்னாங்களே! இங்க கொண்டாந்து எறக்கினதும் எனக்கு உசுரே இல்ல." அவள் மூச்சு வாங்கினாள். "ஒங்ககிட்ட சொல்லாதன்னான். மாமாவுக்குத் தெரிஞ்சா பிடிச்சுக் குடுத்துடுவாருன்னான்."

"என்கிட்ட ஒன்கிட்ட சொல்லாதன்னான்!"

"அப்ப ஒங்களுக்கும்..." அவள் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

"அதுக்குத்தானே இங்க முட்டுக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்! நீ கைய வேற பிடிச்சு இழுக்குற!"

"நீங்க காத வெச்சு ஒட்டுக் கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

"அதுசரி, கலவைய ஏன் கஞ்சியாக் கொண்டாந்த?"

"காயக் கூடாதுன்னுதான். வழியில தலைப்புலேர்ந்து மணலக் கொட்டுனேன், தண்ணிய ஊத்துனேன்."

"நான் உள்முகத்துக்குக் கல்லே வெக்கல! ரெண்டு பேரும் சேந்து கெடுத்தா செவுரு எப்படி நிக்கும்?"

மேலே பெரியப்பா தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேரு இல்லப்பா. நானும் இன்னைக்குப் பாதிப் பை சிமெண்ட மணலுக்குள்ள பொதச்சு வெச்சுட்டேன்."

"ஒங்களுக்கும் தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் எப்பவும் செய்யுறதுதான். பட்டாளத்துச் சிமெண்டுன்னா பாதிதான் போடுவேன். நேத்துதான் ஒதுங்கப் போற அவசரத்துல முழுசாக் கொட்டிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருமுனதும் அதுக்குத்தான். எங்க பைய எண்ணிப் பாத்துடுவானோன்னு தூசியக் கெளப்புனேன்," என்றார்.

கொத்தனார் குனிந்து சிரிக்கப் போனார். குனிந்ததுதான் தாமதம், முதுகு சுவரை விட்டது. நடுவிலிருந்து மூன்று கல் சரிந்து அவர் பக்கத்தில் விழுந்தது, பிறகு மொத்தமும் பொதபொதவென்று மடிந்து உட்கார்ந்தது. ஈரக் கலவைக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து கிழிந்த காதோடு ஒரு தலை வெளியே வந்தது.

"செத்த நாய்க்குக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா மாமா?"

வீட்டுக்காரி அவன் தலையில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அதே கையால் தண்ணீரைக் கொடுத்தாள். அவன் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. குடித்து முடித்ததும், "அக்காதான் ஒளிச்சு வெச்சான்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் மாமா அவகிட்ட சொல்லாதீங்கன்னேன்," என்று சொல்லிவிட்டு, மரங்கள் பக்கமாகப் பார்த்து எழுந்தான்.

"எங்கடா கெளம்புற?" என்றார் கொத்தனார். "நில்லு. காலையில வந்து ஒதைப்பான். இங்க செவுரு இல்லேன்னா எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பான். கல்லப் பொறுக்கு."

வெளிச்சம் இருக்கும்போதே நான்கு பேரும் சேர்ந்து திரும்பக் கட்டினார்கள். பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே பதுக்கின பாதிப் பையைத் தோண்டிக் கொண்டுவந்தார். மச்சினன் காய்ச்சலோடு கலவை போட்டான். கொத்தனார் இந்தத் தடவை உள்முகத்துக்கும் கல் வைத்தார், கல்லுக்குக் கல், அழுத்தி அழுத்தி வைத்தார். கைக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. உள்ளே யாரும் இல்லாத குழாய்க்கு அப்படி ஒரு சுவர்.

சட்டியை இறக்கி வைக்கும்போது கொத்தனார் மெதுவாகக் கேட்டார். "நான் நெசமாவே பிடிச்சுக் குடுத்துடுவேன்னு நெனச்சியா?"

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அவள்.

பிறகு அவர் முதுகில் ஒட்டிக் காய்ந்திருந்த சிமெண்டைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். எரிந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டே அடுத்த கல்லை எடுத்தார்.

*

காலையில் சிவப்புக்கழுத்து வந்து உதைத்தான். பூட்ஸ் நுனி வலித்து முகம் சுளித்தான். சந்தோஷம்தான். சுவர் பக்கத்தில் கொத்தனாரை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டான், மேலே அனுப்புவதற்கு. கொத்தனாரால் நிமிர்ந்து நிற்கவே முடியவில்லை. படத்தில் கூனலாகத்தான் விழுந்திருப்பார்.

பட்டாளம் வண்டியில் ஏறும்போது வாய் மட்டும் பின்தங்கினான். செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்தான்.

"நாய் போயிடுச்சா?"

கொத்தனார் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சிரிக்கிறானா, மிரட்டுகிறானா, சும்மா கேட்கிறானா?

"எந்த நாய்?" என்றார்.

"அதான நானும் கேக்குறேன், எந்த நாய்னு." அவன் நிமிர்ந்தான். "இவரு போனதும் புதுசா ஒருத்தர் வர்றாரு. வந்ததும் எல்லாச் செவுத்தையும் இடிச்சு உள்ள பாக்கணும்பாரு. போன தடவ வந்தவரும் அப்படித்தான் ஆரம்பிச்சாரு. ஒங்க உடம்பப் பாத்துக்கங்க."

வண்டி போய்விட்டது. உடம்பைப் பார்த்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்? கொத்தனார் அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. இனி அந்தப் பையன் ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் இப்படித்தான் அர்த்தம் தேட வேண்டியிருக்கும் என்று மட்டும் தெரிந்தது.

வீட்டுக்காரி குடத்தோடு வந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு வாரத்துக்குக் காயாமல் பார்த்துக்கொண்டால்தான் நன்றாகப் பிடிக்கும்.

"இடிக்கப் போறாங்களாம்," என்றார் அவர்.

அவள் குடத்தை நிமிர்த்தினாள். "இடிக்கட்டும். இடிச்சுட்டுத் திரும்பக் கட்டச் சொல்ல நம்மளத்தானே கூப்பிடணும்," என்றாள். மறுபடியும் ஊற்றினாள்.